காவலூருக்கு வழி கண்டவர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது முதலில் நழுவத்தான் பார்த்தேன். கல்லூரி நினைவுகளை எழுதுங்கள் என்றார்கள். மெஸ் சாம்பார், லேப் ரெக்கார்டு, வைவாவில் முழித்த கதை இதையெல்லாம் மலருக்கு மலர் யாராவது எழுதிவிடுகிறார்கள். என்னைவிட நன்றாகவும் எழுதுகிறார்கள். எனக்கு வேறொருவரைப் பற்றி எழுத ஆசை. அவர் நம் கல்லூரிக்காரர் இல்லை. பொறியாளரும் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டவர். ஆனால் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நாங்கள் ஐந்து பேர் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறினோமே, அந்த மலைக்கு எங்களுக்கு முன்னால் ஒரு காரணத்தோடு ஏறியவர் அவர். எங்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

மாடல் தேர்வு முடிந்த ஐப்பசி மாதத்து சனிக்கிழமை அது. ஹாஸ்டலில் யாரோ ஏலகிரி என்றார்கள், யாரோ ஏற்காடு என்றார்கள். கூட்டம் இல்லாத மலையாக இருக்கட்டும் என்று கடைசியில் ஜவ்வாது மலை முடிவாயிற்று. வாணியம்பாடி வரை ஒரு பஸ், ஆலங்காயம் வரை இன்னொரு பஸ். மலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டோம். அடுத்தது எப்போது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நேரம் சொன்னார்கள். ரோட்டோரமாக நின்று போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினோம். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மினி லாரி நின்றது. பின்னால் கோணி மூட்டைகள். மூட்டைமேல் ஏற்கெனவே ஒரு அம்மாவும் ஒரு ஆட்டுக்குட்டியும் இருந்தார்கள். நாங்களும் ஏறிக்கொண்டோம். வளைவுக்கு வளைவு அந்த அம்மா எங்களைவிட நிதானமாக உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்குட்டியும்தான்.

டிரைவர் அண்ணன் எங்களைக் காவலூரில் இறக்கிவிட்டார். காசு நீட்டினோம், வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். டீக் கடையில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தால், மரங்களுக்கு மேலே ஒரு பெரிய குவிமாடம். மசூதி போலவும் இல்லை, ஃபேக்டரி போலவும் இல்லை. சாமையும் தேனும் விளைகிற மலையில் இது எதற்கு என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம். பொறியியல் மாணவர்கள் ஐந்து பேர், ஒருவனுக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களை ஒரு சின்னத் தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்க்க விடுவார்கள். ஆசையாக கேட்டுக்குப் போனோம். வானம் முழுக்க மேகம். காவலாளி பெரியவர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, இந்த மாதத்தில் வந்தால் நட்சத்திரம் எங்கே தெரியும் தம்பிகளா, மாசி பங்குனியில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஒரு கடைத் திண்ணையில் படுத்துக்கிடந்துவிட்டு, மறுநாள் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் ஜீப்பிலுமாக இறங்கி வந்தோம். கேட்டில் எழுதியிருந்த பெயர் மட்டும் மனதில் நின்றது. வைணு பாப்பு வானாய்வகம். திரும்பி வந்து லைப்ரரியில் தேடியபோது தொடங்கியது எனக்கு இந்த மனிதர்மீது வந்த ஈடுபாடு.

மணலி கல்லட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். குடும்பம் மலபார் பக்கத்தைச் சேர்ந்தது. அப்பா ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். ஆகவே பையன் வளர்ந்ததே தொலைநோக்கியின் நிழலில்தான். நம்மில் பலருக்கு அப்பாவின் ஸ்கூட்டர் எப்படியோ, அவருக்கு அந்தத் தொலைநோக்கி அப்படி. நிஜாம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே ஒளி கூடிக் குறையும் மாறு விண்மீன்களைக் கவனித்துக் கட்டுரைகள் வெளியிட்டுவிட்டார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. படிக்கிற வயதில் எழுதுவதென்றால் அசைன்மென்ட் மட்டும்தான் என்று நினைக்கும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஐதராபாத் அரசின் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். போய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. 1949 ஜூலையில் ஒரு நாள், இரவு வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தகடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, நட்சத்திரமாக இருக்க முடியாத ஒன்று அதில் பட்டது. வால்மீன்! பேராசிரியர் பார்ட் போக், உடன் படித்த கோர்டன் நியூகிர்க் இருவரும் சேர்ந்து உறுதி செய்தார்கள். பாப்பு-போக்-நியூகிர்க் என்று அதற்குப் பெயராயிற்று. பசிபிக் வானியல் சங்கம் டோனோ வால்மீன் பதக்கம் கொடுத்தது. பேராசிரியரின் பெயருக்கு முன்னால் மாணவனின் பெயர் இருப்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெயர் போடும் வரிசையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1952ல் டாக்டர் பட்டம். அடுத்து கார்னகி உதவித்தொகையில் கலிபோர்னியாவின் பாலமர் மலைக்குப் போனார். 200 அங்குல ஹேல் தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டு நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. உலகத்திலேயே பெரியது அன்றைக்கு அதுதான். அங்கே ஆலின் வில்சன் என்ற வானியலாளருடன் சேர்ந்து அவர் செய்த வேலைதான் பாடப்புத்தகத்தில் நிற்கிறது. 1957ல் வெளியான அதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர்.

அது என்ன என்பதை மலைப் பாஷையிலேயே சொல்லிப் பார்க்கிறேன். அன்றைக்குத் திண்ணையில் படுத்திருந்தபோது எதிர்ச் சரிவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. பக்கத்தில் வருகிற ஆளின் டார்ச்சா, தூரத்தில் வருகிற லாரியின் ஹெட்லைட்டா என்று எங்களுக்குள் சண்டை. இருட்டில் ஒரே ஒரு விளக்கை மட்டும் பார்த்தால் தூரமும் தெரியாது, உண்மையான பிரகாசமும் தெரியாது. வானியலின் தலைவலியே இதுதான். மங்கலாகத் தெரியும் நட்சத்திரம் பக்கத்திலிருக்கும் சின்ன நட்சத்திரமாக இருக்கலாம், எங்கோ தொலைவிலிருக்கும் ராட்சச நட்சத்திரமாகவும் இருக்கலாம். நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால், கால்சியத்துக்குரிய ஓர் இடத்தில் கரிய கோடு இருக்கும். வெப்பம் குறைந்த நட்சத்திரங்களில் அந்தக் கரிய கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தெரியும். அந்தக் கீற்றின் அகலத்தை அளந்தால் போதும். அகலம் கூடக் கூட அந்த நட்சத்திரம் உண்மையிலேயே பிரகாசமானது என்று வில்சனும் பாப்புவும் கண்டார்கள். உண்மைப் பிரகாசம் தெரிந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். டார்ச்சா ஹெட்லைட்டா என்பது தீர்ந்தது.

இவ்வளவு செய்துவிட்டு மனிதர் 1953ல் இந்தியாவுக்குத் திரும்பினார். எனக்கு இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. பாலமர் மலையில் 200 அங்குலக் கண்ணாடி வழியாகப் பார்த்த கண்ணுக்கு இங்கே என்ன இருந்தது? இரவு வானத்தை ஆராய நவீனமான பெரிய தொலைநோக்கி ஒன்றுகூட நாட்டில் இல்லை. கோடைக்கானலில் 1899ல் தொடங்கிய ஆய்வகம் சூரியனுக்குப் பெயர் பெற்றது. எவர்ஷெட் விளைவு 1909ல் அங்கேதான் கண்டறியப்பட்டது. ஆனால் அது வானிலைத் துறையின் கீழிருந்த அலுவலகம். அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நம் பேட்ச்சில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறோம், நான் யாரையும் குத்திக்காட்டவில்லை. நானும் விசாவுக்கு வரிசையில் நின்றவன்தான்.

உத்தரப் பிரதேச அரசு 1954ல் வாரணாசியில் ஒரு வானாய்வகம் தொடங்கியிருந்தது. அதற்குப் பொறுப்பேற்றார். சமவெளியின் தூசியிலும் நகரத்து வெளிச்சத்திலும் நட்சத்திரம் பார்ப்பதா என்று அதை மலைக்குக் கொண்டுபோக வற்புறுத்தினார். 1955ல் அது நைனிடாலுக்குப் போயிற்று. பின்னாளில் அதற்கு நிலையான இடமாக அமைந்தது பக்கத்திலுள்ள மனோரா சிகரம். அவர் தேடிப்பிடித்த முதல் மலை அது. அங்கே எல்லாம் ஒருவழியாக ஓடத் தொடங்குகிற நேரத்தில், 1960ல், கோடைக்கானலுக்கு இயக்குநராக வந்துவிட்டார். வயது முப்பத்திரண்டு. இதை எழுதுகிற எனக்கு அதைவிடக் கூடுதல் வயது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோடைக்கானல் 2,300 மீட்டருக்கு மேல் உயரம். பகலில் சூரியனைப் பார்க்க அருமையான இடம். ஆனால் ராத்திரியில் நட்சத்திரம் பார்க்க ஏற்றதல்ல. சுற்றுலா போனவர்களுக்கே தெரியும், சாயங்காலமானால் ஏரியைச் சுற்றி மேகம் இறங்கிவிடும். காதலர்களுக்கு நல்லது, வானியலுக்கு ஆகாது. ஆக, 1960களின் தொடக்கத்தில் பாப்பு தென்னிந்திய மலைகளில் இன்னொரு இடம் தேட ஆரம்பித்தார்.

வானாய்வகத்துக்கு இடம் தேடுவது பங்களாவுக்கு இடம் பார்ப்பது போல அல்ல. ஆண்டில் எத்தனை இரவு மேகமில்லாமல் இருக்கும், காற்றோட்டத்தில் நட்சத்திரத்தின் பிம்பம் எவ்வளவு நடுங்கும், பனி எப்போது இறங்கும், பக்கத்து ஊர் வெளிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பிறகு பாதை, தண்ணீர், மின்சாரம். பகலில் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது, இரவுக்கு இரவு தூங்காமல் கணக்கெடுக்க வேண்டிய வேலை. எனக்கும் தொழிலில் செல்போன் டவருக்கு மலையில் இடம் பார்த்த அனுபவம் உண்டு. எங்களுக்குச் சிக்னல் கிடைத்தால் போதும், அன்றே இறங்கிவிடுவோம். அதற்கே அலுத்துக்கொள்வோம்.

ஏன் தெற்கிலேயே தேடினார்? வடக்கே இமயமலைப் பக்கம் இதைவிட உயரமான சிகரங்கள் எத்தனையோ உண்டே? இதற்கு விடை அட்சரேகையில் இருக்கிறது. காவலூர் ஏறக்குறைய பன்னிரண்டரை பாகை வடக்கில் இருக்கிறது. வடதுருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே பன்னிரண்டரை பாகையில் தாழ்ந்து நிற்கும்; அதற்குப் பதிலாகத் தென்வானம் அவ்வளவுக்கு மேலேறி வரும். நம் பால்வீதியின் மையம் பாலமரில் உச்சிக்கு வரும்போதுகூட அடிவானத்திலிருந்து சுமார் 28 பாகைதான். காவலூரில் 48 பாகைக்கு மேல். தாழ்வாக இருக்கும் நட்சத்திரத்தைக் கனத்த காற்று மண்டலம் வழியாகப் பார்க்க வேண்டும், படம் கலங்கும். உயர்ந்து வந்தால் தெளிவு.

இதற்கு நமக்குத் தெரிந்த சாட்சி ஒன்று இருக்கிறது, அகத்திய நட்சத்திரம். வானில் சிரியசுக்கு அடுத்தபடி பிரகாசமானது இதுதான். ஆங்கிலத்தில் கனோபஸ் என்பார்கள். விந்தியத்தைத் தாண்டித் தெற்கே வந்த முனிவரின் பெயரை அதற்கு வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. பாப்பு படித்த ஹார்வர்டில் அது உதிப்பதே இல்லை. பாலமரில் அடிவானத்தை ஒட்டி நாலு பாகை எழும்பிவிட்டு மறைந்துவிடும். நைனிடாலில் எட்டு பாகை. காவலூரில் இருபத்தைந்து பாகை உயரத்துக்கு வந்து கம்பீரமாக நிற்கும். அவர் வாழ்க்கையின் ஊர்களை வரிசையாக வைத்து இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். கால்குலேட்டர்கூட வேண்டாம், 90லிருந்து இரண்டு எண்களைக் கழித்தால் போதும்.

இன்னொரு காரணம் தீர்க்கரேகை. பூமி சுழல்கிறது; ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே தீர்க்கரேகையில் பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை அடைக்கும் இடத்தில் இருக்கிறது இந்தியா. இது வெறும் வரைபடக் கணக்கு இல்லை என்பது பிறகு இரண்டு தடவை நிரூபணமாயிற்று. அதைக் கீழே சொல்கிறேன்.

தேடல் ஜவ்வாது மலையில் வந்து முடிந்தது. அன்றைக்கு வட ஆர்க்காடு மாவட்டம். நாங்கள் போனபோது வேலூர் மாவட்டம். 2019லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மலை அங்கேயேதான் இருக்கிறது, போர்டுதான் மாறுகிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மலை. சந்தன மரத்துக்குப் பெயர் போனது. காவலூரின் உயரம் 725 மீட்டர்தான். சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து சுமார் 175. பெரிய ஊர் எதன் வெளிச்சமும் எட்டாத இருட்டு அன்றைக்கு அங்கே இருந்தது. காட்டில் நூறு ஏக்கர் அளவுக்கு நிலம் கிடைத்தது.

1968ல் அங்கே முதலில் நிறுத்தப்பட்டது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல, கோடைக்கானல் ஆய்வகத்தின் பட்டறையிலேயே செய்தது! பதினைந்து அங்குலக் கண்ணாடி. பாலமரின் 200 அங்குலத்தில் கை வைத்தவர், பதினைந்து அங்குலத்தில் ஆரம்பிக்கக் கூச்சப்படவில்லை. பெரிய கருவிக்குப் பணம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கலாம், கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம். எத்தனையோ பேர் அப்படி ரிட்டயர் ஆகியிருக்கிறார்கள். இவர் இருப்பதை வைத்து வேலையைத் தொடங்கினார். அதைப் பயன்படுத்தியே ஆட்களையும் பழக்கினார்.

1971 ஏப்ரலில் ஆய்வகம் வானிலைத் துறையிலிருந்து பிரிந்து இந்திய வானியற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பாயிற்று. முதல் இயக்குநர் பாப்பு. 1972ல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் யேனா கம்பெனியில் வாங்கிய ஒரு மீட்டர் தொலைநோக்கி காவலூருக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அந்த அபூர்வக் காட்சி தெரிந்த பகுதியில் காவலூரும் இருந்தது. நட்சத்திரம் சட்டென அணையாமல் மங்கி அணைந்ததைப் பார்த்து, கானிமீடுக்குக் காற்று மண்டலம் உண்டு என்றார்கள். பின்னால் 1979ல் வாயேஜர் விண்கலம் போய்ப் பார்த்துவிட்டு, இவர்கள் கணித்த அளவுக்கு இல்லை என்று காட்டிவிட்டது. 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜனைக் கண்டது. நம்மவர்கள் செய்தது என்பதற்காக இதைப் பூசி மெழுகி எழுதுவது எனக்குப் பிடிக்காது. அளவீட்டை அடுத்த அளவீடு திருத்துவதுதான் இந்தத் தொழில்.

1977 மார்ச் 10 அப்படியல்ல. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிற இரவு. அமெரிக்கக் குழு ஒன்று விமானத்தில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தது. காவலூரில் ஜகதீஷ் சந்திர பட்டாச்சார்யா குழுவினர் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பாகவே நட்சத்திரத்தின் ஒளி ஒரு கணம் குறைந்து மீண்டதைக் காவலூர்க் கருவியும் பதிவு செய்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள்! சனிக்கு மட்டும்தான் வளையம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தது அன்றோடு முடிந்தது. வளையங்களை இனங்கண்ட பெருமை விமானக் குழுவுக்கே முதலில் சேரும். ஆனால் ஆலங்காயத்துக்கு மேலே ஒரு காட்டிலிருந்தும் அதே இரவு அது தெரிந்தது.

பாப்புவின் மனதில் இருந்ததோ இன்னும் பெரிய கருவி. 93 அங்குலம், அதாவது 2.34 மீட்டர். இதையும் விலைக்கு வாங்கியிருக்கலாம். இங்கேயே செய்வோம் என்றார். ஜெர்மனியின் ஷாட் கம்பெனியிலிருந்து கண்ணாடிக் கட்டி மட்டும்தான் வந்தது. அதைத் தேய்த்துக் குழித்து மெருகேற்றியது பெங்களூரில், ஏ.பி. ஜெயராஜனும் அவர் குழுவினரும். ஒளி அலையின் நீளத்தில் ஒரு சிறு பங்கு அளவுக்குக்கூடப் பிழை இருக்கக் கூடாது. மீட்டர் கணக்கில் அகலமுள்ள கண்ணாடியைத் தேய்ப்பது, நிறுத்துவது, சூடு ஆறக் காத்திருப்பது, அளப்பது, மறுபடி தேய்ப்பது. வருஷக்கணக்கில் இதே வேலை. மெக்கானிக்கல் பட்டறையில் ஃபைலிங் செய்து கை நொந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அதைத் தாங்கும் இரும்பு அமைப்பைச் செய்தது புனேக்கு அருகிலுள்ள வால்சந்த்நகர் தொழிற்சாலை. இதில் ஒரு நுணுக்கம். தொலைநோக்கியின் துருவ அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக, அதாவது அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமான கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். பாலமரில் 33 பாகை. காவலூரில் பன்னிரண்டரைதான் என்பதால் அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. எடை எங்கே விழும், எந்த பேரிங் எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் மாறிப்போகும். பாலமர் டிராயிங்கைச் சின்னதாக்கி அப்படியே வைத்தால் வேலைக்காகாது. குதிரை லாடம் போன்ற தாங்கியைக் காவலூரின் கோணத்துக்கென்றே வடிவமைத்தார்கள். இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பங்கு உண்டு. இவ்வளவையும் அந்த மலைப் பாதையில் ஏற்றியிருக்கிறார்கள். மூட்டைமேல் உட்கார்ந்து அதே வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவன் என்ற முறையில் அந்த லாரி டிரைவர்களுக்கு என் வணக்கம்.

இதற்கிடையில் உலகம் அவரைக் கவனித்தது. 1970ல் பட்நாகர் விருது. 1979ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 1981ல் பத்ம பூஷண். 2596 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்கு அவர் பெயர்.

1982 ஆகஸ்டில் அந்த ஒன்றியத்தின் பொதுச்சபை கிரீஸ் நாட்டின் பட்ராஸ் நகரில் கூடியது. உலகத்து வானியலாளர்களெல்லாம் கூடியிருந்தார்கள். தலைவர் மட்டும் இல்லை. இதய அறுவை சிகிச்சைக்காக மியூனிக் போயிருந்தார். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் 19 அன்று, அங்கேயே காலமானார். ஐம்பத்தைந்து வயது முடிந்து ஒன்பது நாள்.

2.34 மீட்டர் தொலைநோக்கி அப்போது முடியவில்லை. அவருடன் வேலை செய்தவர்கள் நிறுத்தாமல் செய்து முடித்தார்கள். 1985 நவம்பரில் அதன் வழியாக முதன்முதலில் வானத்தைப் பார்த்தார்கள். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். முப்பது வருடத்துக்கு இந்தியாவில் அதைவிடப் பெரியது இல்லை. 2016ல் நைனிடால் பக்கம் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதுவும் அவர் மலைக்கு அழைத்துப்போன அதே நிறுவனத்துடையதுதான் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 1988ல் காவலூரிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ராமானுஜன் என்று பெயரிட்டார்கள். அதற்கு முன் 1861ல் போக்சன் சென்னை ஆய்வகத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டு ஆசியா என்று பெயர் வைத்தார். அந்தச் சென்னை ஆய்வகத்தின் வாரிசுதான் கோடைக்கானலும் காவலூரும்.

சரி, காவலூரைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவா? பொறியாளன் என்ற முறையில் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு பருவமழைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மலை அது. ஆண்டில் பல மாதங்கள் எங்களைப் போலவே விஞ்ஞானிகளும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். உயரமும் போதாது. இதே நிறுவனம் 2000ல் லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இரண்டு மீட்டர் தொலைநோக்கியை நிறுவியது; வறண்ட, தெளிந்த வானம். காவலூரைச் சுற்றியும் ஊர்கள் வளர்ந்து வெளிச்சம் கூடிவிட்டது. ஆனால் 1960களில் ஹான்லேக்கு ஒருவர் ஆய்வகத்தைக் கொண்டுபோயிருக்க முடியுமா என்று யோசித்தால் முடியாது என்றுதான் படுகிறது. பட்டறையும் ஆட்களும் பக்கத்தில் இருக்க வேண்டும், லாரி ஏற வேண்டும், தென்வானமும் தெரிய வேண்டும். எல்லாம் சேர்ந்து கிடைக்கும் இடத்தில் உயரத்தை விட்டுக்கொடுத்தார். காவலூரில் கருவி செய்யக் கற்றுக்கொண்ட நிறுவனம்தான் பின்னால் ஹான்லேக்குப் போனது. கண்ணாடியைத் தேய்க்க ஆளே இல்லாமல் எவ்வளவு உயரத்துக்குப் போய் என்ன செய்ய?

காவலாளிப் பெரியவர் சொன்னபடி, கடைசி வருடம் மாசி மாதம் மறுபடி போனோம். ஐந்து பேரில் இரண்டு பேருக்கு கேம்பஸ் இன்டர்வியூ, மூன்று பேர்தான். இந்தத் தடவை மலை பஸ்ஸைச் சரியாகப் பிடித்துவிட்டோம். வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. சின்னத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவைக் காட்டினார்கள். புகை போல, கொஞ்சம் பச்சையாக. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கண்ணை எடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெரிய குவிமாடத்தின் பக்கம் யாரையும் விடவில்லை, உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. வெளியே வந்து தெற்கே பார்த்தோம். மரங்களுக்கு மேலே, நன்றாக மேலே, அகத்திய நட்சத்திரம் நின்றுகொண்டிருந்தது.

இந்த மாநாடு முடிந்ததும் எங்கள் பேட்ச் மறுபடி காவலூர் போவதாக இருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம், ஜூனியர்களும்தான். ஸ்வெட்டர் அவசியம். ஐப்பசியில் இல்லை, மாசியில்.